கட்டினவளே அவிழ்க்கணும்

மாசிக் கிருத்திகையன்று விருத்தாசலம் பக்கத்து மணவாளநல்லூர் போய், அங்கே கொளஞ்சியப்பராக இருக்கும் முருகனுக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பிராது என்றால் குறையைக் காகிதத்தில் எழுதிச் சாமியிடம் முறையிட்டுக் கட்டுவது; கட்டியதைத் திரும்பப் பெற எழுதுவதுதான் ராஜினாமா.

ஐப்பசியில் என் இரண்டு பவுன் செயின் காணாமல் போனது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவைத் தவிர வெளியாள் யாரும் வருவதில்லை. "சத்தியமா எடுக்கலம்மா" என்றார். நான் நம்பவில்லை. மறுவாரமே திருப்பாப்புலியூரில் பஸ் ஏறிப் போய், அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வந்தேன். அக்கா வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார். கார்த்திகையில் அவர் மகன் வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்தது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். "கொளஞ்சியப்பர் கேட்டுட்டார் பார்த்தியா" என்று வாய்விட்டுச் சொன்னவள் நான்.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். பழைய ஸ்கேன் கவரை உதறினேன். ஃபிலிமோடு சேர்ந்து கசங்கிய கைக்குட்டை ஒன்று விழுந்தது. அதற்குள் செயின். ஸ்கேன் அறையில் நகையைக் கழற்றச் சொன்னபோது நானே முடிந்து வைத்தது.

அன்றோடு தூக்கம் போனது. ராத்திரி இரண்டரை மணிக்கு வாசலில் துடைப்பச் சத்தம் கேட்கும். விளக்கைப் போட்டுப் பார்த்தால் யாரும் இல்லை. கொஞ்சம் கண் அசந்தால், அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு வாசல் தெளிப்பார். கூப்பிட்டால் திரும்பவே மாட்டார். வீட்டுக்காரர் பிரஷர் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கடைசியில் மாமியாரிடம்தான் உடைத்தேன். "கட்டினவளே அவிழ்க்கணும். கிளம்பு" என்றார்.

கிருத்திகையாகப் பார்த்துப் போனேனே, என் புத்தியைச் சொல்ல வேண்டும். நெய்வேலி வரை நின்றுகொண்டே பயணம். வடலூர் தாண்டும்போது, 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டேன். விருத்தாசலத்தில் ஆட்டோக்காரர் வாய்க்கு வந்த காசைக் கேட்டார். கோயில் வாசலில் ஒருவர், "பிராது நான் எழுதித் தரேன், இருநூறு குடுங்க" என்று விடாமல் பின்னாலேயே வந்தார். எனக்கு எழுதத் தெரியும் ஐயா, தெரிந்ததுதானே வினை!

சீட்டு போடுபவர், "பொருள் கிடைச்சிடுச்சா?" என்று கேட்டார்.

"கிடைச்சிடுச்சுங்க."

"சாமி கைவிட மாட்டார்மா" என்று முகமெல்லாம் சிரிப்பாக ரசீதை நீட்டினார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டேன்.

ஒன்றரை மணி நேர வரிசை. உள்ளே போனபோது பால் அபிஷேகம். பலிபீட வடிவில் நிற்கும் சுயம்பு. கண், மூக்கு என்று ஒன்றும் கிடையாது. முகம் இல்லாத சாமி முன்னால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பால் கல்லின் ஒரு பக்கமாக வழிந்து, நடுவில் நின்று, மறுபடி வழிந்தது. பின்னால் ஒருவர் முழங்கையால் இடித்து "நகரும்மா" என்றார். 'அந்தப் பேரை அடிச்சுட்டு என் பேரை எழுதிக்கோப்பா.' அவ்வளவுதான் வேண்ட வந்தது. அப்புறம் அழுகை.

விபூதியும், கால் வலிக்குத் தடவ வேப்பெண்ணெயும் வாங்கிக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பிராது கட்டியதையும் மறைக்கவில்லை. அக்கா முறத்திலிருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தார்.

"பொங்கலுக்கு முந்தி நானும் போயிருந்தேன்மா. எம்மேல விழுந்த பழி நீங்கணும்னு எழுதிக் கட்டினேன்."

"என் பேரை எழுதினீங்களாக்கா?"

"சாமிக்குத் தெரியாதா, அது எதுக்கு?"

செயின் யார் பிராதுக்குக் கிடைத்தது என்று அப்போதுதான் உறைத்தது. கொளஞ்சியப்பா, என் காகிதத்தைத் தள்ளிவிட்டு அவர் காகிதத்தை எடுத்துப் படித்தாயே, உனக்குக் கோடி கும்பிடு! நான் கேட்டதை நீ கொடுக்காததற்குத்தான் பெரிய கும்பிடு. அந்தப் பிள்ளை எழுந்து நடக்கட்டும் அப்பனே, கிருத்திகைதோறும் வருகிறேன்.

அக்காவும் ராஜினாமா எழுத வேண்டும். பங்குனிக் கிருத்திகைக்குத் துணைக்கு வரட்டுமா என்று கேட்டிருக்கிறேன். வேப்பெண்ணெயை வாங்கி உள்ளே வைத்தார். பதில் இன்னும் சொல்லவில்லை.