சயாம் ரயில் பாதையில் அம்மாவும் அப்பாவும்

பாங்காக்கில் குடியேறிய நான்காம் ஆண்டில்தான் அம்மாவையும் அப்பாவையும் இங்கே அழைத்துவர முடிந்தது. முதல் வாரம் சீலோம் மாரியம்மன் கோயில், அரண்மனை, படகுப் பயணம் என்று கழிந்தது. அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய ரயில் பாதை ஒன்றைப் பார்த்தால் மகிழ்வார் என்ற எண்ணத்தில்தான் பாங்காக்குக்கு மேற்கே உள்ள காஞ்சனபுரிக்குப் போகலாம் என்றேன். "ஜப்பான்காரன் காலத்தில் போட்ட பாதை" என்று நான் சொன்னதும், கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, "சயாம் ரயிலா?" என்று கேட்டார்.

அம்மாவின் பெரியப்பா 1937-இல் லால்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மலாயாவின் ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். இரண்டாம் உலகப் போர் மூண்டு ஜப்பானியப் படை மலாயாவுக்குள் வந்த பிறகு அவரிடமிருந்து கடிதம் வரவில்லை. போர் முடிந்து ஊர் திரும்பிய ஒருவர், "சயாமுக்கு ரயில் போடக் கூட்டிப் போனார்கள்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். வீட்டில் இதற்கு மேல் எவருக்கும் எதுவும் தெரியாது. பிழைப்புக்காக நான் வந்து சேர்ந்த நாடும் அந்தச் சயாமும் ஒன்றே என்பது, இத்தனை நாள் இங்கே வாழ்ந்தும் என் மனத்தில் உறைத்திருக்கவில்லை.

தோன்புரி நிலையத்தில் காலை ரயிலில் மூன்றாம் வகுப்பில் ஏறினோம். ஏறுவதற்கு முன்பே அப்பா தண்டவாளங்களுக்கு இடையிலான அகலத்தைக் கண்ணால் அளந்து, "மீட்டர் கேஜ்" என்றார். அவர் இளமையில் வேலை பார்த்த பாதைகளின் அளவு அது. காஞ்சனபுரியில் இறங்கி க்வாய் ஆற்று ரயில் பாலத்தின் மேல் நடந்தபோது, பெரும்பாலான கர்டர்கள் வில்லாக வளைந்திருக்க, நடுவில் இரண்டு மட்டும் நேர்க்கோடுகளாக இருப்பதை அவரே கண்டுபிடித்தார். ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த இரும்புக் கர்டர்கள் நேச நாடுகளின் குண்டுவீச்சில் சிதைந்தன என்றும், போருக்குப் பின் மாற்றப்பட்டவையே அந்த இரண்டும் என்றும் நான் விளக்கினேன். அவர் ஒரு தறையாணியின் (ரிவெட்டின்) தலையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

ஊருக்குள் ரயில் நிலையத்துக்கு அருகிலேயே போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஜப்பானியரிடம் பிடிபட்டு இந்தப் பாதையில் உழைத்து இறந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க் கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். வெட்டிச் சீராக்கிய புல்வெளியில் வரிசை வரிசையாகத் தாழ்வான கற்கள். ஒவ்வொன்றின் மீதும் வெண்கலத் தகடு. கல்லுக்குக் கல் பூச்செடி. அம்மா ஒரு தகட்டின் மேல் கை வைத்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது 23, கீழே அவனுடைய தாய் தந்தையர் எழுதச் சொன்ன ஒரு வரி என்று படித்துக் காட்டினேன். "பாவம், பிள்ளை" என்று சொல்லி, தகட்டின் மேல் விழுந்திருந்த சருகை எடுத்துப் போட்டார். நான்கைந்து வரிசைகள் நடந்த பிறகு, "நம்ம ஆளுங்க எங்கே இருக்காங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பெயரோடு காட்டுவதற்கு என்னிடம் ஒரு கல் இல்லை. பர்மா வரை 415 கிலோமீட்டர் நீண்ட அந்தப் பாதை 1942-இல் தொடங்கப்பட்டு 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. அதில் உழைத்த 60,000-க்கும் மேற்பட்ட போர்க் கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தோர் 90,000 அளவில் இருக்கலாம் என்பது மதிப்பீடு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களில் மிகப் பலர். ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்களில் வேலையில்லாமல் கிடந்தவர்களை, நல்ல கூலி, சில மாத வேலை என்று ஆசை காட்டி அழைத்தார்கள். ஆள் போதாதபோது பிடித்துக்கொண்டு போனார்கள். கைதிகளுக்குள் மருத்துவர்கள் இருந்தார்கள், செத்தவர்களின் பெயரைக் குறித்துவைத்த அதிகாரிகள் இருந்தார்கள். தோட்டத் தொழிலாளிக்கு இரண்டுமே இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா பரவியபோது அவர்கள் குடிசை குடிசையாக மடிந்தார்கள். கணக்கெழுத ஆளில்லாத சாவு என்பதால்தான் மதிப்பீடு என்ற சொல்லோடு நிற்க வேண்டியிருக்கிறது. அந்தப் பிரிட்டிஷ் இளைஞனுக்குக் கிடைத்த கல்லை நான் ஒருபோதும் குறைசொல்ல மாட்டேன். அவனுக்கு உரியதே அது. அதே போன்ற ஒரு கல் எங்கள் பெரிய தாத்தாவுக்கும் உரியது என்பதைத்தான் சொல்கிறேன்.

மறுநாள் வண்டி வைத்துக்கொண்டு, பாதைக்காக மலைப்பாறையை வெட்டித் திறந்த ஹெல்ஃபயர் பாஸ் என்ற இடத்துக்குச் சென்றோம். இரவிலும் தீப்பந்த வெளிச்சத்தில் பாறையைப் பிளக்க வைத்ததால் கைதிகள் அந்த இடத்துக்கு நரக நெருப்பின் பெயரை வைத்தார்கள். முழங்கால் வலியால் அம்மா மேலேயே உட்கார்ந்துகொள்ள, அப்பாவும் நானும் படிகளில் இறங்கினோம். சம்மட்டியால் அடித்து இறக்கிய உளியின் நீளத் தடங்கள் பாறைச் சுவரில் இன்னும் இருக்கின்றன. அப்பா ஒரு தடத்தில் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டே போய், "கையால அடிச்சிருக்கான்" என்று மட்டும் சொன்னார். திரும்பும் வழியில் க்வாய் நொய் ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு நீரில் இறங்கினார். அம்மா கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். கறுப்பு எள். என் சமையலறையிலிருந்து எப்போது எடுத்து வைத்தார் என்று எனக்குத் தெரியாது. இறந்த நாள் தெரியாதவருக்கு எந்தத் திதி என்று அப்பா கேட்கவில்லை. அம்மா பெரியப்பாவின் பெயரை உரக்கச் சொல்ல, அவர் எள்ளும் தண்ணீரும் இறைத்தார்.

அன்றிரவு அம்மா ஊரிலிருக்கும் மாமாவுக்குத் தொலைபேசியில் பேசி, பரண் மேலுள்ள தகரப் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னார். மூன்று நாள் கழித்து மாமா ஒரு படம் அனுப்பினார்: மடிப்பில் கிழிந்த ஓர் அஞ்சல் அட்டை, மங்கிய பென்சில் எழுத்து, தோட்டத்தின் பெயரில் பாதி. அந்தப் பாதிப் பெயரை வைத்துக்கொண்டு மலேசியாவின் பழைய தோட்டப் பெயர்களை இப்போது நான் தேடிக்கொண்டிருக்கிறேன். அடுத்த முறை வரும்போது அட்டையைக் கையோடு கொண்டுவருவதாக அம்மா சொல்லியிருக்கிறார்.