முதலாளிக்கு லீவு உண்டா? கிளிநொச்சிக் கடைக் குறிப்புகள்

2025 ஜனவரி 6

சொந்தக் கடை என்றால் மேலே கேட்க ஆளில்லை என்பார்கள். ஆனால் பரந்தனிலிருந்து மாங்குளம் வரை, அரைநாள் கடையை விட்டுப் போகக்கூடிய முதலாளியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். செத்தவீட்டிலும் போன் காதில்தான்.

சனம் குறைந்த நாளில் மத்தியானம் வரை வெளியே நின்று, கடையிலிருந்து வரும் ஒவ்வொரு அழைப்பையும் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் மூன்றே கேள்விகள்: என்ன விலை, ஓடரில் எவ்வளவு எடுப்பது, இவருக்குக் கடன் கொடுக்கலாமா. மூன்றுக்கும் விடை முதலாளியின் தலைக்குள் மட்டும் இருக்கும்வரை அவர் நகர ஏலாது.

விலையைத் தட்டில் ஒட்டிவிடலாம். ஓடருக்கு ஒரு கணக்குப் போதும். பருப்பு நாளுக்கு 6 கிலோ போகிறது, ஓடர் சொல்லி 7ஆம் நாள் லொறி வரும், மழை வெள்ளத்துக்கு இன்னும் 2 நாள். 9 நாளுக்கு 54 கிலோ. இருப்பு அதைத் தொட்டதும் கடையில் வேலை செய்யும் பெடியனே ஓடர் சொல்லட்டும்.

ஜனவரி 19

முதலாளியைக் கட்டிப்போடுவது கடன் கொப்பிதான். பெரும்போக விதைப்புக்குப் பசளையும் மருந்தும் கடனில் போகும். காசு வருவது நெல் வெட்டு முடிந்து, 110, 120 நாளில். மொத்த வியாபாரிக்குக் கொடுத்த செக்கோ 30 நாளில் பாங்குக்குப் போய்விடும். இடையிலுள்ள 80, 90 நாளை நகை அடகும் மீற்றர் வட்டியும் (நாளுக்கு நாள் ஏறும் கடும் வட்டி) நிரப்புகின்றன.

வெட்டு முடிந்தாலும் நிச்சயமில்லை. ஈரப்பதன் 14 வீதத்தைத் தாண்டினால் அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபை பெரும்பாலும் வாங்காது. காயப்போட இடமில்லாதவர் பச்சை நெல்லாகவே வயலுக்கு வரும் வியாபாரிக்குக் குறைத்துக் கொடுப்பார். வெட்டு மெஷின் கூலி அங்கேயே போய்விடும், கடைக் கடன் அடுத்த போகத்துக்குத் தள்ளும்.

ஆகவே போகக் கடனைச் சொந்த முதலில் மட்டும் கொடுக்க வேண்டும், செக்கில் எடுத்த சாமானில் அல்ல. சொந்த முதல் 10 இலட்சம் என்றால் 4 இலட்சத்தோடு நிறுத்துவது நல்லது: ஆளுக்கு 20,000, இருபது பேர். பெயரும் எல்லையும் கொப்பியின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். எல்லை தாண்டியவருக்கு, முதலாளியின் மச்சானாக இருந்தாலும், பெடியன் இல்லையென்று சொல்லலாம். மச்சானிடம்தான் இது முதலில் உடையும்!

பெப்ரவரி 2

லாச்சிக் கணக்கு, அதாவது கடைக் காசுப் பெட்டியின் கணக்கு. காலையில் வைத்த சில்லறை, காசு விற்பனை, திரும்பி வந்த கடன் மூன்றையும் கூட்டி, கொடுத்ததைக் கழித்தால் இரவில் லாச்சியில் அதுதான் இருக்கவேண்டும். 40, 70 ரூபா வித்தியாசம் மிச்சக்காசுத் தவறு. சரியாக 1,000, 5,000 குறைந்தால் பெடியனைப் பார்க்கவேண்டாம். பெரும்பாலும் முதலாளியின் வீட்டார் பெற்றோலுக்கு எடுத்ததாக இருக்கும். முதலாளிக்கும் மாதச் சம்பளம் வைத்துவிட்டால் இந்தக் கை நிற்கும்.

பெப்ரவரி 16

நம்பிக்கையான பெடியன் நிற்கவேண்டுமே. ஒரே ஒருவர் வேலை செய்தாலும் ஊழியர் சேமலாப நிதி கட்டவேண்டும். 40,000 சம்பளத்தில் அவருடைய 8 வீதம் 3,200. முதலாளியின் 12 வீதம் 4,800. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி கட்டும் 3 வீதம் 1,200. முதலாளியின் கையிலிருந்து சம்பளத்துக்கு மேல் 6,000 கூடப் போகும். அடுத்த மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் தண்டமும் சேரும். இதைச் சம்பளம் பேசும்போதே கணக்கில் எடுக்காதவர்கள்தான் பிறகு ஆளைப் பதியாமல் வைத்திருக்கிறார்கள். ஆளும் வேறு கடைக்குப் போய்விடுகிறான்.