நாணயம் எங்கே நழுவும்?

பௌதிக ஆய்வுக்கூடத்து மூலையில் இருந்த ரெக்கார்டு பிளேயர் நினைவிருக்கிறதா? பாட்டுப் போட அல்ல, நாணயம் சுழற்ற. விடுமுறைக்குப் புதுச்சேரி போகும்போது பிள்ளைகளுக்குச் செய்து காட்ட விரும்புவோருக்காக சுழலும் தட்டில் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி வைத்தால் நாணயம் நழுவும் என்று பார்க்கும் அந்தச் செய்முறை இதோ.

தட்டின் மேலுள்ள ரப்பர் விரிப்பை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் நாணயம் லேசில் நழுவாது. சன்மைக்காவை வட்டமாக வெட்டிப் பதியுங்கள். அதே சன்மைக்காவின் இன்னொரு துண்டில் நாணயத்தை வைத்து ஒரு முனையை மெல்லத் தூக்க, 50 செ.மீ. அடிக்கு 10 செ.மீ. உயரத்தில் அது வழுக்கினால் உராய்வுக் குணகம், அதாவது இரு பரப்புகளுக்கு இடையிலான பிடிப்பின் அளவு, 0.2 (10 ÷ 50).

அதைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி, கோணத் திசைவேகத்தின் (வினாடிக்கு எத்தனை ரேடியன் சுழல்கிறது என்பதன்) இருமடியால் வகுத்தால் நழுவும் ஆரம், அதாவது மையத்திலிருந்து உள்ள தொலைவு, கிடைக்கும். நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் 16 செ.மீ.; பெரிய இசைத்தட்டின் விளிம்பே 15தான், ஆகவே நழுவாது. 45இல் 8.8. 78இல் 2.9! வேகம் இரு மடங்குகூட ஆகவில்லை, ஆரம் மூன்றில் ஒன்றாகிவிட்டது. இரண்டு நாணயங்களை ஒட்டி வைத்தாலும் அதே இடம்தான். சமன்பாட்டின் இரு பக்கமும் நிறை அடிபட்டுப் போகிறது.

கணக்கு பெரும்பாலும் பிசகுவது ரசமட்டம் வைக்காததால். தட்டு ஒரே ஒரு பாகை சாய்ந்தாலும் 45 சுற்றில் 8.8க்குப் பதில் 8 செ.மீ.யிலேயே, தாழ்ந்த பக்கம் வரும்போது நாணயம் போய்விடும். ஓடும் தட்டில் நாணயத்தை வைப்பதும் தவறு. வைத்த கணத்தில் அது நிற்கிறது, அடியில் தட்டு ஓடுகிறது, வழுக்கத்தான் செய்யும். முதலில் வைத்துவிட்டு, விரலால் தட்டைப் பிடித்து மெல்ல விடவேண்டும். நம்மூர்க் கடற்காற்றில் சன்மைக்கா பிசுபிசுக்கும் என்பதால் காலையில் அளந்த குணகம் மாலைக்கு உதவாது.

புதுச்சேரியை அடுத்த வில்லியனூர்க் குயவர் மண்ணை முதலில் மையத்துக்குக் கொண்டுவருவதும் இதே கணக்குதான். உருண்டையின் நடு 2 செ.மீ. விலகி, சக்கரம் நிமிடத்துக்கு 200 சுற்றினால், பிடித்து நிறுத்த 0.9 குணகம் வேண்டும். ஈரமண் ஒட்டிக்கொள்வதால்தான் தப்பிக்கிறது.

‘மையவிலக்கு விசை வெளியே எறிந்தது’ என்று தேர்வில் எழுதினால் மதிப்பெண் போகும். தட்டில் சாக்பீஸ் தூள் தூவிப் பாருங்கள்: நாணயத்தின் தடம் நேராக வெளியே போகாது, சுழற்சிக்கு எதிர்ப்புறமாக வளையும். மேசையருகே நிற்பவருக்கோ அது தொடுகோட்டை ஒட்டியே நழுவிப் போகும்.