நீஸ் நகரில் குட்டி மின்கார்: மலையை முதலில் முடித்துவிடுங்கள்

பிரான்ஸின் நீஸ் நகரைச் சுற்றிப் பார்க்கத் தோதான வாடகை வண்டி ஃபியட் டோபோலினோவின் டோல்ச்சேவீட்டா மாடல். மேலே கையால் சுருட்டி வைக்கும் துணிக்கூரை, கதவு இருக்க வேண்டிய இடத்தில் கயிறு. இரண்டு பேருக்குத்தான் இடம். பேட்டரி 5.4 யூனிட். மணிக்கு 45 கி.மீ.க்கு மேல் ஓடாது. முழு சார்ஜில் 75 கி.மீ. என்பது கம்பெனிக் கணக்கு. ஏற்ற இறக்கச் சாலையில் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

வண்டியும் இரண்டு ஆட்களும் சேர்ந்தால் ஏறக்குறைய 650 கிலோ. இதை 200 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, மோட்டாரில் வீணாவதையும் சேர்த்து அரை யூனிட் போய்விடும். பேட்டரியில் பத்தில் ஒரு பங்கு! அதனால் காலையில், முழு சார்ஜ் இருக்கும்போதே மலைப்பக்கம் போய்விட வேண்டும்.

ப்ரொமனாத் தெஸ் ஆங்கிலே கடற்கரைச் சாலையில் கிழக்கே கிளம்புங்கள். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். கிழக்கே போகையில் கடலும் வலப்பக்கமே. பக்கத்து சீட்டுக்காரருக்குக் கடல் முழுசாகத் தெரியும், படம் எடுக்க ஓரங்கட்டுவதற்கு எதிர்த்தடத்தைக் கடக்கவும் வேண்டியதில்லை. இடப்பக்கம் 1913இல் திறந்த நெக்ரெஸ்கோ ஓட்டலின் இளஞ்சிவப்புக் குவிமாடம். கோட்டைக்குன்றைச் சுற்றும் ரோபா கப்பூ வளைவில் காற்று திடீரென்று அடிக்கும், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குன்றின் மேல் காருக்கு வழியில்லை. பிறகு நடந்து வந்து இலவச லிஃப்டில் ஏறலாம்.

லிம்பியா துறைமுகம் தாண்டியதும் மோன் ஆல்பான் கோட்டைக்கு ஏறுங்கள். 16ஆம் நூற்றாண்டுக் கோட்டை. ஒருபக்கம் நீஸ் விரிகுடா, மறுபக்கம் பக்கத்து ஊரான வில்ஃப்ரான்ஷின் விரிகுடா. இந்தச் சுற்றில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரம் என்றால் இதுதான். இறங்கி, கீழ்க் கார்னிஷ் என்ற மலைச்சரிவுச் சாலையில் கடலை ஒட்டியே வில்ஃப்ரான்ஷ் போகலாம். 500 மீட்டருக்கு மேல் ஏறும் மேல் கார்னிஷ் இந்த வண்டிக்கு வேண்டாத வேலை: பேட்டரியும் கரையும், பின்னால் வருகிறவர்களும் பொறுமை இழப்பார்கள்.

சட்டப்படி இது கார் இல்லை, இலகு நாற்சக்கர வண்டி. ஏ8 நெடுஞ்சாலையிலும், நீலச் சதுரத்தில் வெள்ளைக் கார் வரைந்த பலகை உள்ள விரைவுச் சாலைகளிலும் ஏறக் கூடாது. போன் மேப் அங்கேதான் இழுத்துக்கொண்டு போகும்; கிளம்பும் முன்பே நெடுஞ்சாலையைத் தவிர்க்கும் வசதியைப் போட்டுவிடுங்கள். பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வரும் வண்டிக்கே முன்னுரிமை. சின்னச் சந்தாக இருந்தாலும் அதே விதிதான், நம்மூர் ஆட்கள் தடுமாறுவது இங்கேதான். ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டு போவது நல்லது.

ஏசி, ஏர்பேக், ஏபிஎஸ் எதுவும் கிடையாது. கயிற்றுக் கதவுக்குப் பூட்டும் இல்லை. இறங்கும்போது பையையும் போனையும் கையோடு எடுத்துவிடுங்கள். கடற்கரை முழுக்கக் கூழாங்கல், கெட்டி அடிப்பாகம் உள்ள செருப்பு அவசியம்.

சார்ஜ் கேபிள் வண்டியோடு சேர்ந்தது, முனையில் சாதாரண வீட்டு பிளக். காலி பேட்டரி நிரம்ப 4 மணி நேரம். பொது சார்ஜ் நிலையங்களில் பெரும்பாலும் டைப் 2 என்ற மின்கார் சார்ஜ் துளைதான் இருக்கும், வீட்டு பிளக் அதில் நுழையாது. சாவி வாங்கும்போதே அடாப்டரையும் கேட்டு, வண்டியிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.