படுத்துப்போன தக்காளி நாற்றும் ஒரு ஈர்க்குக் குச்சியும்

இலங்கை மலையகத்து ஹட்டனில் ஜூன் வந்தால் வெயிலை மறந்துவிட வேண்டியதுதான். மழையும் பனிமூட்டமுமாக இருந்ததால் தக்காளி நாற்றை வீட்டுக்குள்ளேயே பல்ப் வெளிச்சத்தில் வளர்த்துப் பார்த்தேன். பன்னிரண்டு யோகட் கோப்பை, அடியில் ஓட்டை, கொஞ்சம் மண், கொஞ்சம் மக்கிய சாணம். அம்மாயி பத்திரமாக எடுத்து வைத்திருந்த பழைய 60 வாட் குண்டு பல்பை மேலே தொங்கவிட்டேன்.

ஏழாம் நாள் முளைத்தது. பன்னிரண்டாம் நாள் பார்த்தால் எல்லாம் நூல் மாதிரி நீண்டு, வெளுத்து, ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடக்கிறது. “சோறு போடாம வளத்த புள்ள மாதிரி இருக்கே” என்றார் அம்மாயி. சரியாகத்தான் சொன்னார். குண்டு பல்ப் இழுக்கும் கரண்டில் சுமார் 5 சதவீதம்தான் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமாகிறது, மீதி பெரும்பாலும் சூடு. அது போதாதென்று அந்த ஒளியில் தூரச்சிவப்பு, அதாவது சிவப்புக்கும் அப்பால் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஒளி, அதிகம். இலைகள் சிவப்பை உறிஞ்சிவிட்டுத் தூரச்சிவப்பைக் கீழே விடுவதால், அது கூடினால் தான் வேறு செடியின் நிழலில் நிற்பதாக நாற்று எடுத்துக்கொண்டு தண்டை நீட்டுகிறது.

அப்புறம் 9 வாட் எல்இடி. 60 செ.மீ. உயரத்தில் கட்டியபோது அறையே பளிச்சென்று இருந்தது, ஆனால் போனில் அளந்தால் 350 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு); வெளியே அதே பனிமூட்டத்தில் நண்பகலுக்கு 9,000! கண் இருட்டுக்குப் பழகிக்கொண்டு நம்மை ஏமாற்றுகிறது. தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்கு என்பதால் 15 செ.மீ.க்கு இறக்கினேன், 5,000 சொச்சம் வந்தது. தினம் 14 மணி நேரம்.

சரி, கொஞ்சம் மெலிந்ததற்கா இப்படி விழ வேண்டும்? விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு ஒன்றை உருவி, மேசை ஓரத்தில் 10 செ.மீ. நீட்டி நுனியில் நாணயத்தைக் கட்டினேன்: 3 மி.மீ. தாழ்ந்தது. 20 செ.மீ. நீட்டியபோது 20 மி.மீ. கணக்குப்படி நீளம் இரண்டு மடங்கானால் தாழ்வு எட்டு மடங்கு வரவேண்டும், ஈர்க்கு அடியில் தடித்து நுனியில் மெலிந்திருப்பதால் குறைந்திருக்கும். நீளத்தைவிடக் கொடியது தடிப்பு: உருண்டையான தண்டின் விட்டம் பாதியானால் வளையாமல் நிற்கும் வலு பதினாறில் ஒன்றாகிவிடும். என் நாற்றுக்கு இரண்டு கெடுதலும் சேர்ந்தே வந்திருக்கிறது.

படுத்தவற்றை எறியவில்லை. தக்காளித் தண்டு மண்ணுக்குள் போனால் அங்கேயும் வேர்விடும், அதனால் விதையிலை வரைக்கும் புதைத்தேன். ஒன்பது பிழைத்தன.

எல்இடியின் கீழ் புதிதாகப் போட்டவற்றில் ஒரு வரிசையை மட்டும் காலையும் மாலையும் கையால் பத்துத் தரம் தடவிவிட்டேன்; காற்றில் ஆடும் செடி குட்டையாகவும் தடிப்பாகவும் வளருமாம். மூன்று வாரத்தில் அந்த வரிசை ஒரு விரல்கடை குட்டை. ஆனால் அதுதான் பல்புக்கு நேர் கீழே இருந்தது என்பதை இன்றைக்குத்தான் கவனித்தேன், மடையன். அடுத்த தடவை இரண்டு நாளைக்கு ஒருமுறை வரிசையை மாற்றி வைக்கவேண்டும். நாளை மழை விட்டால் எல்லாவற்றையும் இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) கொஞ்ச நேரம் வைத்துப் பழக்கப் போகிறேன், பக்கத்து வீட்டுக் கோழி வராமலிருந்தால்.