செவ்வாயில் தொடங்கி திங்களில் முடிந்த நவக்கிரகப் பயணம்

நவக்கிரகத் தலங்களுக்குப் போவதென்றால் சூரியனார் கோயிலில்தான் தொடங்க வேண்டும், அதற்கும் முன்னால் திருமங்கலக்குடிக்குப் போய்விட்டு வர வேண்டும் என்று ஒரு முறை சொல்வார்கள். எங்களுக்கு அது அமையவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, முதலில் வைத்தியநாதர், மற்றதெல்லாம் பிறகு என்று சொல்லிவிட்டார். அதனால் செவ்வாய் முதலாவது ஆகிவிட்டார். கூட வந்தது அக்கா மகள், ஒன்பதாவது படிக்கிறாள், வானத்தில் இருக்கும் எதையும் விடமாட்டாள். வண்டி வைத்தீஸ்வரன் கோயிலை நெருங்கும்போதே, நாடி ஜோதிடப் பலகைகளை எண்ணிக்கொண்டே, "மாமா, நம்ம செவ்வாயும் மார்ஸும் ஒரே ஆள்தானே, அப்புறம் ஏன் அங்க சண்டை சாமி, இங்க நோய் தீர்க்கிற ஊர்ல இருக்கார்?" என்று ஆரம்பித்துவிட்டாள்.

நல்ல கேள்வி. சித்தாமிர்தக் குளத்தில் வெல்லத்தைக் கரைத்துவிட்டு, உப்பும் மிளகும் செலுத்திவிட்டு, தையல்நாயகி அம்மனைப் பார்த்துவிட்டு அங்காரகன் சன்னதிக்கு வந்தோம். செவ்வரளி மாலை, சிவப்பு வஸ்திரம், படைப்பது துவரை. எல்லாமே சிவப்பு. அங்காரகன் என்றால் கனலும் கரி. கிரேக்கர்களும் கடவுள் பெயரை ஒட்டுவதற்கு முன்னால் இந்தக் கிரகத்தை 'பைரோயிஸ்', அதாவது நெருப்பானவன் என்றுதான் அழைத்திருக்கிறார்கள். எகிப்தியர்களுக்கு இது சிவப்பு ஹோரஸ், சீனர்களுக்கு இன்றும் நெருப்பு விண்மீன். யாரும் யாரையும் கேட்டு வைத்த பெயராக இருக்க வேண்டியதில்லை. துருப்பிடித்த இரும்பு கலந்த மண், கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். சண்டை சாமி விஷயத்துக்கு வந்தால், பாபிலோனில் இதை நெர்கல் என்ற போர்த் தெய்வத்துக்குக் கொடுத்தார்கள், கிரேக்கத்தில் ஏரிஸ், ரோமில் மார்ஸ். நம்மிடம் செவ்வாய்க்கு அதிதேவதை யார்? தேவசேனாபதி முருகன். அதே கோயிலில் செல்வமுத்துக்குமாரசாமியாக நிற்கிறார். அவள் ஒன்றும் சொல்லாமல் அங்கே இரண்டாவது முறை போய்க் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

திருவெண்காட்டில் கூட்டம் பெரும்பாலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த பெற்றோர். புதன் படிப்புக்கு உரியவர். அக்னி, சூரிய, சந்திர என்று மூன்று தீர்த்தங்கள், மூன்றிலும் தலை நனைத்துவிட்டு சுவேதாரண்யேஸ்வரரைப் பார்த்தோம், அகோரமூர்த்தி முன்னால் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை, பிறகு புதன் சன்னதி. சூரியனை 88 நாளில் சுற்றிவிடும் கிரகம் இது, எப்போதும் சூரியனை ஒட்டியே, அந்தியிலும் விடியலிலும் கொஞ்ச நேரம் தலைகாட்டிவிட்டு ஓடிவிடும். அதனால்தான் கிரேக்கர்களும் ரோமர்களும் ஓடிக்கொண்டே இருக்கும் தூதுவனுடைய பெயரை வைத்தார்கள், ஹெர்மஸ் என்றும் மெர்க்குரி என்றும். எனக்குப் பிடித்தது பாபிலோன் பெயர்தான். அவர்கள் இதை நபு என்றார்கள். நபு எழுத்துக்கும் எழுத்தருக்கும் உரிய தெய்வம். பரீட்சைக்குப் பேனாவை வைத்து அர்ச்சனை செய்கிற திருவெண்காட்டுக்கு வந்து நின்றால் நபுவுக்கு ஒன்றும் அந்நியமாகத் தெரிந்திருக்காது. பச்சை வஸ்திரமும் பச்சைப்பயறும் மட்டும் எங்கிருந்து வந்தன என்று எனக்குப் புரிவதில்லை, கிரகம் என்னவோ சாம்பல் நிறம்.

இப்படிப் பொருந்துவது எல்லாமே தற்செயல் என்றும் நினைக்க வேண்டாம். பாபிலோனில் தொடங்கிய கிரகக் கணக்கு கிரேக்கம் போய், அங்கிருந்து யவனர்கள் வழியாக இந்தியாவுக்கும் வந்திருக்கிறது. பஞ்சாங்கத்தில் பார்க்கிற 'ஓரை' என்ற சொல்லே கிரேக்கச் சொல். ஆனால் எல்லாமே அங்கிருந்து வந்தது என்று சொல்பவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. பூம்புகார் பக்கத்தில், கேது தலமான கீழப்பெரும்பள்ளத்துக்குப் போகும் வழியில் அதைத்தான் பேசிக்கொண்டு போனோம். பட்டினப்பாலை இந்த ஊரைப் பாடத் தொடங்கும்போதே, வெண்மீன் திசை மாறித் தெற்கே போனாலும் காவிரி பொய்க்காது என்கிறது. புறநானூற்றில் பாரியின் நாட்டைப் பாடும் கபிலர் மைம்மீன், தூமம், வெள்ளி என்று மூன்றையும் அடுக்குகிறார். மைம்மீன் என்றால் கரிய மீன், சனி. தூமம் என்பது புகைக்கொடி, வால்மீன். எந்தப் புராணமும் இல்லை. கறுப்பு, புகை, வெள்ளை, கண்ணில் பட்டதுதான் பெயர். மழை பொய்க்குமா என்ற கவலையோடு ராத்திரியில் வானத்தைப் பார்த்தவர்கள் வைத்த பெயர்கள்.

திருநள்ளாற்றுக்குச் சனிக்கிழமை போக வேண்டாம் என்று முடிவு செய்து ஞாயிறு விடியற்காலையில் போனோம். அப்போதும் நளதீர்த்தத்தில் கூட்டம்தான், ஆனால் தர்ப்பாரண்யேஸ்வரரை நின்று பார்க்க முடிந்தது. சிவனைப் பார்க்காமல் நேரே சனீஸ்வரனிடம் ஓடுகிறார்கள் நிறைய பேர், அது சரியில்லை. வரிசையில் பின்னால் நின்றவர், இந்தக் கோயிலுக்கு மேலே வந்தால் செயற்கைக்கோள் மூன்று விநாடி நின்றுவிடும் என்ற பழைய வாட்ஸ்அப் கதையை ஆரம்பித்தார். அப்படி எதுவும் நிற்பதில்லை. சனிக்கு அந்தக் கதை தேவையும் இல்லை. அவருடைய பெருமையே வேகமில்லாததில்தான் இருக்கிறது. சனைச்சரன் என்றால் மெல்ல நடப்பவன். சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 29 அரை வருடம், அதைப் பன்னிரண்டு ராசிக்குப் பங்கு போட்டால் ஒரு ராசிக்கு இரண்டரை, மூன்று ராசிக்கு ஏழரை. ஏழரைச் சனி என்று நாம் பயப்படுவதற்குள் இருக்கும் கணக்கு இதுதான். பாபிலோனியர்கள் இதே கிரகத்தை 'கய்யமானு' என்றார்கள், மாறாதவன், நிலையாக நிற்பவன். நம் கதையில் சனிக்குக் காலில் ஊனம். மெதுவாகப் போகிறவனை நொண்டி என்று சொல்வது நம் ஊர்ப் புத்தி, சரி.

அன்றைக்கு ஞாயிறு என்பதால் அடுத்து சூரியனார் கோயில். முதலாம் குலோத்துங்கன் காலத்தில் எழுந்தது, ஒன்பது பேருக்கும் தனித்தனிச் சன்னதி உள்ள கோயில், நடுவில் சிவசூரியப் பெருமான் மேற்கு பார்த்து நிற்கிறார், எதிரே குரு. சுற்றி வரும்போது அக்கா மகள், "வாரத்துல ஏன் இந்த வரிசை, மாமா? சனிக்கு அப்புறம் ஏன் ஞாயிறு? வானத்துல பக்கத்துப் பக்கத்துல இல்லையே" என்றாள். மண்டபத்தில் உட்கார்ந்து தினசரி காலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதிக் காட்டினேன். பூமியிலிருந்து பார்க்கும்போது மெதுவாக நகர்வதிலிருந்து வேகமாக நகர்வது வரை அடுக்கினால் சனி, வியாழன், செவ்வாய், சூரியன், வெள்ளி, புதன், சந்திரன். ஒரு நாளுக்கு இருபத்து நான்கு ஓரை. சனிக்கிழமையின் முதல் ஓரை சனியுடையது, இரண்டாவது வியாழன், இப்படி ஏழு பேரும் மாறி மாறி வருவார்கள். ஏழு மூன்று இருபத்தொன்று, மிச்சம் மூன்று ஓரை சனி, வியாழன், செவ்வாய். அதோடு இருபத்து நான்கு முடிந்தது, இருபத்தைந்தாவது, அதாவது மறுநாளின் முதல் ஓரை, சூரியனுக்கு. அதனால் அது ஞாயிறு. ஞாயிறிலிருந்து அதே போல எண்ணினால் திங்கள், பிறகு செவ்வாய். லண்டனில் 'சாட்டர்டே' என்பதும் திருநள்ளாற்றில் எள் விளக்கு ஏற்றுவதும் ஒரே நாளில் நடப்பது இந்த ஒரே கணக்கால்தான். வடக்கு ஐரோப்பாவில் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள், மார்ஸ் இருந்த இடத்தில் டியூ, மெர்க்குரி இருந்த இடத்தில் ஓடின், ஜூபிடர் இருந்த இடத்தில் தோர். நாள் அப்படியே இருக்கிறது. அம்மா பக்கத்தில் எருக்க இலையில் தயிர்சாதம் என்ற தலபுராணத்தை இன்னொரு அம்மாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், எங்கள் கணக்கு அவர் காதில் விழவே இல்லை.

கஞ்சனூர் பக்கத்திலேயே இருக்கிறது, அமைதியான கோயில். சுக்கிரன்தான் எனக்கு எப்போதும் வியப்பு. பாபிலோனில் இஷ்தார், கிரேக்கத்தில் அப்ரோடைட்டி, ரோமில் வீனஸ், எல்லாரும் பெண், எல்லாரும் காதலுக்கு உரியவர்கள். நம்மிடம் மட்டும் அசுரர்களின் குரு. மகாபலி தாரை வார்க்கும்போது வண்டாகிக் கமண்டலத்தின் மூக்கை அடைத்து, வாமனரின் தர்ப்பையால் ஒரு கண்ணை இழந்தவர். ஆனால் ஜாதகத்தில் அவரை எதற்குப் பார்க்கிறோம்? கல்யாணத்துக்கு, சுகத்துக்கு. ஆளை மாற்றியும் வேலையை மாற்றவில்லை. இப்போது வெள்ளிக் கிரகத்தின் மேற்பரப்புக்குப் பெயர் வைக்கும்போது உலக வானியலாளர் சங்கம் பெரும்பாலும் பெண்கள், பெண் தெய்வங்கள் பெயரையே வைக்கிறது. அங்கே இஷ்தார் என்ற பெரிய நிலப்பரப்பில் லட்சுமி பெயரில் ஒரு பீடபூமி இருக்கிறது என்று சொன்னபோது அம்மா திரும்பிப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை அவளுக்குத்தானே, சரியாத்தான் வெச்சிருக்காங்க."

சாயங்காலம் நாலரைக்கெல்லாம் திருநாகேஸ்வரத்தில் இருந்தாக வேண்டும், ஞாயிறு ராகு காலம் ஆறு வரை. வண்டியில் அக்கா மகள் யுரேனஸ், நெப்டியூனுக்கு ஏன் கோயில் இல்லை என்று கேட்டாள். யுரேனஸை வில்லியம் ஹெர்ஷெல் 1781-ல்தான் கண்டுபிடித்தார், கண்டுபிடித்ததும் தன் ராஜா மூன்றாம் ஜார்ஜ் பெயரை வைக்கப் பார்த்தார், மற்ற நாட்டார் ஒப்புக்கொள்ளாததால் ஒரு பழைய கிரேக்க தெய்வத்தின் பெயர் நிலைத்தது. 1930-ல் கண்டுபிடித்த புளூட்டோவுக்குப் பெயர் சொன்னது ஆக்ஸ்போர்டில் இருந்த பதினோரு வயதுப் பெண். அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "கண்ணுக்கே தெரியாததுக்கு எதுக்குப் பரிகாரம்?" அவள் விடவில்லை. "அப்ப ராகு, கேது தெரியுதா, அம்மாச்சி?"

தெரியாது. ராகுவும் கேதுவும் பொருளே அல்ல. சந்திரன் போகும் பாதை சூரியன் போகும் பாதைக்குச் சுமார் ஐந்து டிகிரி சாய்ந்திருக்கிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. அமாவாசையோ பௌர்ணமியோ அந்த இடத்துக்கு அருகில் அமைந்தால் கிரகணம். இல்லாத ஒன்றுக்கு இடம் கண்டுபிடித்து, ஒன்றரை வருடத்துக்கு ஒரு முறை ராசி மாறுவதையும் கணக்குப் போட்டு, பெயர் வைத்துச் சன்னதியும் கட்டியிருக்கிறார்கள் என்றால் அது சாதாரண வேலையா? இதைப் பாம்பு என்று சொன்னது நாம் மட்டுமல்ல. அரபு, லத்தீன் நூல்களில் இவை டிராகனின் தலையும் வாலும். சந்திரன் ஒரே முனைக்குத் திரும்பி வரும் 27.2 நாளை வானியலாளர்கள் இன்றைக்கும் 'டிராகோனிக் மாதம்' என்றே எழுதுகிறார்கள். அபிஷேகப் பால் ராகுவின் மேனியில் படும்போது நீலமாகும் என்பது நம்பிக்கை. எனக்கு நீலம் தெரிந்தது போல இருந்தது. அவள் கருங்கல் மேல் பால் வழிந்தால் அப்படித்தான் தெரியும் என்றாள், ஆனால் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் சொன்னாள்.

திங்கள் காலை ஆலங்குடியில் அதிகம் நிற்க முடியவில்லை. குரு ஒரு ராசியைக் கடக்க ஏறக்குறைய ஒரு வருடம், அதனால் பழைய சீனர்கள் வியாழனை ஆண்டு விண்மீன் என்றே அழைத்தார்கள், நாம் குருப்பெயர்ச்சிக்கு வரிசையில் நிற்கிறோம். கும்பகோணம் மகாமகம் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவதும் இதே சுற்றால்தான், குரு சிம்மத்துக்கு வர வேண்டும். சிம்மத்தில் இருக்கும் மக நட்சத்திரத்தைப் பாபிலோனியர் ராஜா என்றார்கள், ஐரோப்பாவில் ரெகுலஸ், குட்டி ராஜா. மகத்தில் பிறந்தவர் ஜகத்தை ஆள்வார் என்று நம் பாட்டிகள் சொல்கிறார்கள்.

கடைசியாகத் திங்களூர். அப்பூதி அடிகளின் ஊர், பாம்பு கடித்த பிள்ளையை அப்பர் பாடி எழுப்பிய ஊர். கைலாசநாதர் கோயில் சின்னது, வெள்ளை வஸ்திரத்தில் சந்திரன். கிரேக்கர்களுக்கு நிலா செலினி என்ற பெண், நமக்கு இருபத்தேழு மனைவிகள் உள்ள ஆண். வானத்தை ஒரு சுற்றுச் சுற்ற 27 நாளும் கொஞ்சமும், ராத்திரிக்கு ஒரு நட்சத்திர வீடு, கல்யாணக் கணக்கு அப்படி வந்தது.

அங்கிருந்து திருவையாறு நாலைந்து கிலோமீட்டர்கூட இருக்காது. தியாகராஜர் சமாதியில் காவிரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது, புதன் கிரகத்தின் பள்ளங்களுக்குக் கலைஞர்கள், கவிஞர்கள் பெயரை வைக்கிறார்கள், அங்கே வால்மீகியும் காளிதாசரும் இருக்கிறார்கள், சுமார் 100 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பள்ளம் நம் தியாகராஜர் பெயரில் இருக்கிறது என்றேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இதை திருவெண்காட்டுலயே சொல்றதுக்கென்ன? அவர் பேருக்கும் ஒரு அர்ச்சனை பண்ணியிருப்பேனே."