பாலட்டோனின் தென்கரையில் கழிந்த கோடைகள்

ஹங்கேரியின் பாலட்டோன் ஏரியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அதன் வடகரையைத்தான் எழுதுகிறார்கள். அதில் வியப்பில்லை. எரிமலைக் குன்றுகளும், அவற்றின் சரிவெங்கும் திராட்சைத் தோட்டங்களும், 1055-இல் முதலாம் ஆந்த்ராஷ் மன்னர் நிறுவிய திஹான் மடாலயமும், ஜூன் மாதத்தில் ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்கும் லாவெண்டர் வயல்களும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனால் ஹங்கேரியில் படித்த ஆண்டுகளின் கோடைகளை நினைக்கும்போதெல்லாம் என் மனம் போய் நிற்பது தென்கரையில், ஃபோன்யோத் என்ற சிறிய ஊரில். பார்த்து வியப்பதற்கு அங்கே அதிகம் இல்லை; நாள் முழுவதும் தண்ணீரில் கிடப்பதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

என் வகுப்புத் தோழனின் பாட்டிக்கு அங்கே ஒரு கோடை வீடு இருந்தது. இரண்டு அறைகள், ஒரு திண்ணை, பின்புறம் பாதாமி மரங்கள். புடாபெஸ்டின் தேலி நிலையத்தில் காலையில் ரயில் ஏறுவோம். ஜூலை மாதத்தில் அந்த ரயிலில் உட்கார இடம் கிடைப்பது அரிது. காற்றடைத்த மிதவைகளும் சைக்கிள்களும் தின்பண்டப் பைகளுமாக நடைபாதை வரை கூட்டம் நிற்கும். செகெஷ்ஃபெஹெர்வார் தாண்டிய பிறகு வெகுநேரம் சோள வயல்களும் சூரியகாந்தி வயல்களும் மட்டுமே தெரியும். பாலட்டோன்அலிகா நிலையத்தை நெருங்கும்போது மேட்டு நிலத்திலிருந்து வலப்புறம் ஏரி சட்டென்று விரியும். அந்த வழியாகவே வளர்ந்த பெரியவர்கள்கூட அப்போது பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்புவார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு கடற்கரை முழுவதையும் இழந்த அந்த நாட்டில், ஒரு தலைமுறைக்குப் பின் இன்னொரு தலைமுறையாகப் பிள்ளைகள் அலையைக் கண்டதும் நீந்தக் கற்றதும் இந்த ஏரியில்தான்.

ஏரியின் நீளம் ஏறத்தாழ 77 கிலோமீட்டர். பரப்பு 590 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். மத்திய ஐரோப்பாவின் மிகப் பெரிய ஏரி அதுவே. அவ்வளவு பெரிய ஏரியின் சராசரி ஆழம் மூன்று மீட்டரைச் சற்றே தாண்டுகிறது என்பதை முதலில் கேட்டபோது நம்பக் கடினமாக இருந்தது. திஹான் தீபகற்பத்தை ஒட்டிய குறுகலான பகுதியில் மட்டும் அது 12 மீட்டர் வரை இறங்குகிறது. வடக்கிலிருந்து வீசும் காற்று காலங்காலமாக அலைகளைத் தெற்கே தள்ளி மணலைச் சேர்த்திருப்பதால், தென்கரையில் தண்ணீருக்குள் நடந்துகொண்டே போகலாம். முழங்கால் அளவு, பிறகு இடுப்பளவு, பிறகு நடுவில் ஒரு மணல்திட்டு ஏறி மறுபடியும் முழங்கால் அளவு. நூற்றுக்கணக்கான மீட்டர் உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் கரையில் இருப்பவர்கள் புள்ளிகளாகத் தெரிவார்கள். நாமோ இன்னும் நின்றுகொண்டுதான் இருப்போம்.

ஆழமில்லாத நீர் விரைவில் சூடேறுகிறது. ஜூலை மாதப் பிற்பகல்களில் அது 25 பாகை செல்சியஸைத் தாண்டிவிடும். மிக நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் எப்போதும் கலந்திருப்பதால் நீருக்கு ஒரு பால்பச்சை நிறம் உண்டு. மேகம் கடந்தால் சாம்பலாகும், மாலையில் வெள்ளியாகும். எனக்கு அதில் மிகவும் பிடித்தது மனிதர்கள் அதைப் பயன்படுத்திய விதம். பாட்டிமார்கள் அகன்ற தொப்பி அணிந்து இடுப்பளவு நீரில் வட்டமாக நின்று, ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று ஊர்க்கதை பேசுவார்கள். ஆண்கள் மிதவைப் பலகையில் சதுரங்கம் ஆடுவார்கள். பேரக்குழந்தைகள் அவர்கள் கால்களுக்கிடையே மூழ்கி எழுவார்கள். யாரும் எங்கும் போக வேண்டிய அவசரத்தில் இல்லை. நான் நீந்தக் கற்றதும் அங்கேதான். கால் எப்போது வேண்டுமானாலும் தரையைத் தொடும் என்ற தைரியத்தில் பயம் தானாகவே விலகியது.

பசி எடுத்தால் கரையோரக் கடைகளில் லாங்கோஷ் வாங்குவோம். ஈஸ்ட் சேர்த்துப் பொங்க வைத்த மாவைக் கையாலேயே இழுத்து, நடுவில் மெலிதாகவும் ஓரத்தில் தடிப்பாகவும் விரித்து, கொதிக்கும் எண்ணெயில் போடுவார்கள். பொன்னிறமாக உப்பி வந்ததும் எடுத்து, நசுக்கிய பூண்டு ஊறிய உப்புநீரைத் தூரிகையால் மேலே தடவி, புளித்த பாலேட்டைப் பரப்பி, அதன் மேல் துருவிய சீஸை அள்ளித் தூவித் தருவார்கள். ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மணலில் நின்றபடி, விரல் சுடச்சுட அதைச் சாப்பிட வேண்டும். பக்கத்துக் கடையில் பொரித்து விற்கும் ஹெக் மீனோ கடல்மீன். தொலைவிலிருந்து உறைய வைத்து வருவது. ஏரியின் சொந்த மீன்களுள் பேர்பெற்றது ஃபோகாஷ். வணிக மீன்பிடிப்பு 2013-இல் நிறுத்தப்பட்டுவிட்டதால், இப்போது ஏரியில் மீன் பிடிப்பவர்கள் தூண்டில்காரர்கள் மட்டுமே. அந்தத் தடையை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

இவ்வளவு சாதுவான ஏரிக்கும் கோபம் வரும். வடக்கே பாக்கோன் மலைகளின் மேலிருந்து புயற்காற்று இறங்கினால், ஆழம் குறைவு என்பதாலேயே சில நிமிடங்களில் குட்டையும் செங்குத்துமான அலைகள் எழுந்துவிடும். அதற்காகக் கரையெங்கும் எச்சரிக்கை விளக்குக் கம்பங்கள் இருக்கின்றன. நிமிடத்துக்கு 45 முறை மின்னினால் முதல் நிலை: கரையிலிருந்து 500 மீட்டருக்கு அப்பால் நீந்தக் கூடாது. 90 முறை மின்னினால் இரண்டாம் நிலை: நீரில் இறங்கவே கூடாது. ஒரு பிற்பகலில் வானம் தெளிவாக இருக்கும்போதே விளக்குகள் வேகமாக மின்னத் தொடங்கின. எனக்கு எதுவும் புரியவில்லை. ஆனால் தண்ணீரில் இருந்த அத்தனை பேரும் ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டு கரையேறினார்கள். கால் மணி நேரத்துக்குள் எதிர்க்கரை மறைந்து, நாணல்கள் தரையோடு சாய்ந்து, ஏரி கறுத்துவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து அந்த மழையைப் பார்த்த மாலை என் நினைவில் மிகத் தெளிவாக இருக்கிறது.

ஃபோன்யோத் படகுத்துறையிலிருந்து கப்பல் ஏறினால் அரை மணி நேரத்தில் எதிர்க்கரையின் படாச்சோனை அடையலாம். உச்சி மட்டமாக வெட்டப்பட்டது போன்ற பசால்ட் மலை அது. கேக்ன்யெலூ என்ற திராட்சை வகை பெரும்பாலும் அங்கே மட்டுமே விளைகிறது. வடகரையில் என்னை உண்மையாகவே நெகிழ வைத்த இடம் பாலட்டோன்ஃப்யூரெட். 1926-இல் உடல்நலம் குன்றிய ரவீந்திரநாத் தாகூர் அங்குள்ள இதய மருத்துவமனையில் சிகிச்சை பெற்று, நன்றியாக ஒரு லிண்டன் மரம் நட்டார். ஏரிக்கரை நடைபாதை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பின்னர் வந்த இந்தியத் தலைவர்கள் பலரும் அருகே மரங்கள் நட்டிருக்கிறார்கள். அந்நிய ஊரில் ஒரு மர நிழலில் அப்படி உரிமையோடு நான் வேறெங்கும் உட்கார்ந்ததில்லை.

தோழனின் பாட்டி மாலை நேரங்களில் பழைய கதைகளைச் சொல்வார்; தோழன் எனக்கு மொழிபெயர்ப்பான். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கோடை முழுவதும் வீட்டை ஜெர்மானியர்களுக்கு வாடகைக்கு விட்டு, தாங்கள் பின்புறக் கொட்டகையில் படுத்துக்கொள்வார்களாம். பெர்லின் சுவர் பிரித்த குடும்பங்களுக்குச் சந்திப்பு இடமாகப் பாலட்டோன் அமைந்தது. கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வர முடிந்த இடங்கள் அன்று மிகக் குறைவு. அக்காவும் தங்கையும் அந்தத் திண்ணையில் கட்டிப்பிடித்து அழுததைப் பாட்டி பார்த்திருக்கிறார். 1989 கோடையில் கிழக்கு ஜெர்மானியர் பலர் விடுமுறை முடிந்தும் ஊர் திரும்பாமல் காத்திருந்தார்கள். செப்டம்பர் 11 அன்று ஆஸ்திரிய எல்லை அவர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஏரியில் குளிக்க வந்தவர்கள் வேறொரு வாழ்க்கைக்குப் போனார்கள் என்று பாட்டி சொல்லும்போது அவர் குரலில் இன்னும் அந்த வியப்பு இருக்கும்.

ஆகஸ்ட் 20, ஹங்கேரியின் முதல் மன்னரான புனித இஸ்த்வானின் நாள். அன்றிரவு ஊருக்கு ஊர் வாணவேடிக்கை. கோடை அதோடு ஏறக்குறைய முடிந்தது என்றே மக்கள் எடுத்துக்கொள்வார்கள். மறுவாரம் பாட்டி பாதாமி ஜாம் பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவார். அவர் இப்போது இல்லை, வீடும் கைமாறிவிட்டது. கரையோரத்தில் நாணல் நின்ற சில இடங்களில் அடுக்குமாடி விடுதிகள் எழுந்திருப்பதைத் தோழன் அனுப்பிய படங்களில் பார்த்தேன். நாணல் ஏரியின் மீன்களுக்கும் பறவைகளுக்கும் வீடு; அதை அழித்துக் கட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனாலும் பாலட்டோன் போகப்போவதாகச் சொல்லி வழி கேட்பவர்களுக்கு நான் ஒன்றைத்தான் சொல்கிறேன்: வடகரையை ஒரு நாளில் பார்த்துவிடுங்கள், மிச்ச நாட்களைத் தென்கரைக்குக் கொடுங்கள். ஜூலை நடுவில் போங்கள். ரயிலில் வலப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். தென்கரையில் கட்டணமில்லாத குளிக்கும் துறைகள் இன்னும் நிறைய இருக்கின்றன. பாட்டிமார்கள் வட்டமாக நிற்கும் துறையாகப் பார்த்து இறங்குங்கள்.